வீடே வார்டு, சோறே மருந்து

உண்ணுதல் கோளாறில் சிக்கிய பிள்ளையை மீட்பதில் பெற்றோரே முதல் மருத்துவர்கள். ஆனால் அந்த வேலையை அவர்களுக்குக் கற்றுத்தரவும் வேண்டும், அதைச் செய்ய நேரமும் தர வேண்டும். கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

கேமரன் மலையில் எல்லாப் பிள்ளைகளும் ஸ்வெட்டர் போடுகிறார்கள். கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டர் மேலே இருக்கிற தானா ராத்தாவில் இரவு நேரம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். ஈப்போவிலோ கிள்ளானிலோ ஒரு பிள்ளை இளைத்தால் பள்ளிச் சீருடையிலேயே தெரிந்துவிடும். மலையில் தெரியாது. தோள்பட்டை எலும்பு துருத்துவதைக் கம்பளி மூடிவிடும். கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது என்று கேட்டால், 'குளிரும்மா' என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடும். தலைசுற்றினால் ரத்தசோகை. சாப்பாட்டைத் தள்ளி வைத்தால் கேஸ்ட்ரிக். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் வராவிட்டால், 'வயசுப் பிள்ளை, முன்னபின்ன அப்படித்தான் இருக்கும்.'

ஒவ்வொன்றுக்கும் கைவசம் ஒரு பதில் இருக்கிறது. எல்லாமே ஒரே பிள்ளைக்கு ஒரே சமயத்தில் வரும்போது அந்தப் பதில்களை ஓரமாக வைத்துவிட்டு வேறு கேள்வி கேட்க வேண்டும். இந்தப் பிள்ளை எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை?

உண்ணுதல் கோளாறுகளில் இரண்டை நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உடலை ஆபத்தான அளவுக்கு இளைக்கவிடுவது அனோரெக்சியா நெர்வோசா. ஒரே மூச்சில் ஏராளமாகத் தின்றுவிட்டு, பயந்துபோய் வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை விழுங்கியோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டுவது புலிமியா. புலிமியாவில் எடை பார்வைக்கு இயல்பாகவே இருக்கும், அதனால் வருடக்கணக்கில் வெளியே தெரியாது. பெண்பிள்ளைகளிடம் இவை கூடுதல், ஆண்பிள்ளைகளுக்கும் வரும். மனநோய்களில் அதிக உயிர்களைக் குடிப்பவற்றில் அனோரெக்சியா ஒன்று. கொஞ்ச நாளில் போய்விடும் என்று காத்திருக்கிற நோய் இல்லை இது.

இதற்கு என்ன மருந்து? பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை உலகம் இன்று முதலில் கைகாட்டுவது மாத்திரையை அல்ல. குடும்பத்தைத்தான்.

தள்ளி வைக்கப்பட்ட பெற்றோர்

குடும்பத்தை நம்புகிற இந்த நிலைக்கு வந்துசேர மருத்துவத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், பாரிஸ் மருத்துவர் சார்ல் லசேக் இருவரும் தனித்தனியாக இந்த நோயை விவரித்தார்கள். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் கல் வைத்தது. நோயாளிக்கு நேரம் தவறாமல் உணவு கொடுக்க வேண்டும் என்று சொன்ன அதே கல், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள உறவினரும் நண்பர்களும் லாயக்கற்றவர்கள் என்றும் எழுதினார். பாரிஸில் மருத்துவர் ஷார்கோ இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதையே சிகிச்சை ஆக்கினார். அடுத்து வந்த தலைமுறைகளில் பழி அம்மாவின் தலையில் விழுந்தது. அதிகம் கண்டித்தாள், அதிகம் செல்லம் கொடுத்தாள், பிள்ளையை வளரவிடவில்லை என்று ஆளுக்கொரு குற்றச்சாட்டு.

1970-களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சால்வடோர் மினுச்சின் முழுக் குடும்பத்தையும் சிகிச்சை அறைக்கு அழைத்து, அங்கேயே மதிய உணவு சாப்பிட வைத்தார். 1978-இல் வந்த அவரது நூல், 53 பிள்ளைகளில் 86 விழுக்காட்டினர் தேறினார்கள் என்றது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத கணக்கு அது. குடும்பத்தின் குறையைத் திருத்துவதே நோக்கம் என்ற பழைய எண்ணமும் அதில் மிச்சம் இருந்தது. ஆனாலும் பூட்டியிருந்த கதவு திறந்துவிட்டது.

திருப்பம் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் வந்தது. ஜெரால்ட் ரசல், கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் முதலானோர் 80 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குடும்பத்தோடும் மறு பாதிக்குத் தனியாகவும் சிகிச்சை தந்து, முடிவை 1987-இல் வெளியிட்டார்கள். 19 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று ஆண்டு தாண்டாத பிள்ளைகளுக்குக் குடும்பச் சிகிச்சை தெளிவாக மேலான பலன் தந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிரான்ஜ் ஆகியோர் டேருடன் சேர்ந்து 2001-இல் கையேடு வெளியிட்டார்கள். 2010-இல் வந்த அவர்களின் அமெரிக்க ஆய்வில் 121 பிள்ளைகள் இருந்தார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர் முழுதாகத் தேறியிருந்தார்கள். தனிச்சிகிச்சை பெற்றவர்களில் 23 விழுக்காடு. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2017 முதல், சிறுவர் அனோரெக்சியாவுக்கு முதலில் பரிந்துரைப்பது குடும்பச் சிகிச்சையைத்தான்.

பெற்றோர் மீதான பழியையும் அறிவியல் இறக்கி வைத்துவிட்டது. குடும்பமே இந்த நோய்க்கு முதன்மைக் காரணம் என்ற எண்ணத்தை உண்ணுதல் கோளாறு வல்லுநர்களின் சர்வதேசக் கழகம் தன் அறிக்கையில் மறுத்தது. 2019-இல் 16,992 நோயாளிகளின் மரபணுக்களை அலசிய ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது. 'நான் என்ன தப்புப் பண்ணேன்?' என்று இரவெல்லாம் தன்னைத் தின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு தாயும் இதைக் கேட்டாக வேண்டும்.

வேலூர் முன்பே திறந்த கதவு

மேலைநாட்டு மனநல மருத்துவமனைகள் உறவினரை வாசலோடு நிறுத்திய காலத்தில், நம் பக்கம் வேறொரு வழக்கம் வேர்விட்டது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் தன் மனநல மையத்தை நடத்தத் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்குவதையே முறையாக வைத்தது. பக்கத்து அடுப்பில் அம்மா சமைப்பார், அப்பா மருத்துவரோடு பேசுவார், வீட்டுக்குத் திரும்பும்போது குடும்பமே தேர்ந்திருக்கும். இந்த வேலூர் முறையைப் பற்றி 1963-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழிலேயே கட்டுரை வந்தது. அது உண்ணுதல் கோளாறுக்காக உருவான முறை இல்லை. ஆனால் குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்ப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை என்பதற்கு அது சாட்சி.

உண்ணுதல் கோளாறு தமிழ்ப் பிள்ளைகளிடம் எப்படி வேடம் மாறி வருகிறது என்பதையும் வேலூரே காட்டியது. அங்குள்ள சிறுவர் மனநலப் பிரிவு 2007-இல் வெளியிட்ட கணக்கில், அங்கு வந்த 3,274 பிள்ளைகளில் 41 பேருக்கு உண்ணுதல் கோளாறு. அவர்களில் அனோரெக்சியா 15 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவர்களுக்கு, உடல்நோய் எதுவும் இல்லாமல் மனநெருக்கடியால் திரும்பத் திரும்ப வரும் வாந்தி. சென்னையில் சீனிவாசன் குழுவினர் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு, ஏழில் ஒருவருக்கு உணவு, உடல் எடை பற்றிய உளைச்சல் இருப்பதைக் கண்டது. முழுநோய் ஆகாத அந்த நிலைக்கு அவர்கள் தனிப் பெயரே வைக்க வேண்டியிருந்தது. ஹாங்காங்கில் சிங் லீ 70 நோயாளிகளைப் பார்த்து 1993-இல் எழுதியதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அவர்களில் 41 பேர் 'குண்டாகிவிடுவேன்' என்று பயப்படவே இல்லை. வயிறு உப்புசம், பசி இல்லை என்றே சொன்னார்கள்.

இதன் பொருள் நம் வீடுகளுக்கு நேரடியானது. 'எம்பொண்ணு டயட் எல்லாம் இருக்கலையே, வயிறுதான் சரியில்லை' என்று நிம்மதி அடைய முடியாது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, கேஸ்ட்ரிக் மாத்திரை தீர்ந்துகொண்டே இருக்கிறது, எடையும் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் மருத்துவரிடம் உண்ணுதல் கோளாறு பற்றி நாமே வாய் திறந்து கேட்க வேண்டும். விரதத்தையும் கவனிக்க வேண்டும். கந்த சஷ்டிக்கும் தைப்பூசத்துக்கும் குடும்பமே விரதம் இருப்பது நம் வழக்கம். விழா முடிந்த பிறகும் ஒரு பிள்ளையின் விரதம் மட்டும் முடியாமல் நீண்டால், அங்கே பக்தியின் போர்வையில் நோய் ஒளிந்திருக்கலாம்.

பட்டினி மனசை என்ன செய்யும்?

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த நோய் கோபத்தை மூட்டுவது இயல்பு. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இந்த மலையில் காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் தமிழர் முக்கியமானவர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில், மலாயாத் தோட்டங்களில் அரிசி காணாமல் போய் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிழைத்த தலைமுறை அது. அதன் பேரப்பிள்ளை தட்டில் போட்ட சோற்றைத் தள்ளி வைத்தால், பாட்டிக்கு அது திமிராகத்தான் தெரியும். ஆனால் அது திமிர் இல்லை. பட்டினி மூளையைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம்.

மலாயாவில் மக்கள் கிழங்கு தின்றுகொண்டிருந்த அதே 1944, 45-இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். போரில் பஞ்சத்தில் அடிபட்டவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிவது நோக்கம். மனநோய் எதுவும் இல்லாத அந்த இளைஞர்கள் சில மாதங்களில் ஆளே மாறிப்போனார்கள். நாள் முழுக்க உணவைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் கிளறிக் கிளறித் தின்றார்கள். எரிச்சல், துயரம், நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், எந்நேரமும் குளிர். ஒரு பெண்பிள்ளையிடம் 'குணமே மாறிப்போச்சு' என்று நாம் சொல்லும் அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அறிவுரையும் ஆலோசனையும் முதலில் எடுபடாமல் போவதற்குக் காரணம் இதுதான். பட்டினியில் கிடக்கும் மூளைக்கு உபதேசம் ஏறாது. முதலில் சோறு, பிறகு பேச்சு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில் புதுக்கிளை விரிந்து நிமிரும்வரை கொழுந்து பறிக்க மாட்டோம். தேறிவரும் பிள்ளையிடமும் அதுவரை எஸ்.பி.எம். தேர்வு மதிப்பெண்ணையோ ஓட்டப்பந்தயப் பதக்கத்தையோ கேட்கக் கூடாது.

சாப்பாட்டு மேசையில் நடப்பது

குடும்பச் சிகிச்சை மூன்று கட்டமாக நடக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்ற முடிவு முழுவதும் பெற்றோர் கையில். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று முறை பசியாறல். ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிள்ளை சமையலறையில் அளவு பார்ப்பதும், ஓட்டம், ஸ்கிப்பிங் என்று உடலை வருத்துவதும் அப்போதைக்கு நிற்கும். வாரம் ஒரு முறை எடை பார்ப்பார்கள். முதல் நான்கு வாரத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ ஏறினால் நல்ல அறிகுறி என்று ஆய்வுகள் சொல்கின்றன. எடை நிலைப்பட்ட பிறகு இரண்டாம் கட்டம். சாப்பாட்டுப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திரும்பும். மூன்றாம் கட்டத்தில்தான் நட்பு, படிப்பு, சுதந்திரம் என்று வயதுக்குரிய பேச்சுகள்.

இரண்டாவது சந்திப்பில் குடும்பம் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டும். சிகிச்சையாளர் முன்னால் சாப்பிட வேண்டும். பிள்ளை மறுக்கும் இடத்தில் பெற்றோர் என்ன சொல்கிறார்கள், எங்கே விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்து, இன்னும் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட வைப்பது எப்படி என்று அவர் அங்கேயே சொல்லித்தருவார். அந்தப் பாடத்தை நம் வீட்டு மேசையில் வைத்துப் பார்ப்போம்.

இரவு ஏழரை. தட்டில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, நல்லெண்ணெய் விட்ட பொடி, ஒரு டம்ளர் மைலோ. பிள்ளை இட்லியைக் கடுகளவு கடுகளவாகப் பிய்க்கிறாள். ஒரு துண்டு தட்டுக்கு அடியில் போகிறது. இன்னொன்று ஸ்வெட்டர் கைக்குள்.

"தலைவலிக்குதும்மா. அப்புறம் சாப்பிடுறேன்."

"தெரியுதும்மா. இதை முடிச்சிட்டுப் படுத்துக்க."

"நீங்க என்னைக் குண்டாக்கப் பாக்குறீங்க!"

இந்த இடத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. 'நீ குண்டாக மாட்டே, எலும்பா இருக்கே' என்று வாதாடத் தொடங்கினால் நோய் ஜெயித்துவிடும். உடம்பைப் பற்றிய எந்த வாதத்திலும் அதை வெல்ல முடியாது. 'எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா' என்று அம்மா அழுதாலும் பயன் இல்லை. பிள்ளையின் குற்ற உணர்ச்சிதான் கூடும். 'பாவம், விடேன், நாளைக்குச் சாப்பிடட்டும்' என்று அப்பா இரக்கப்பட்டால் அந்த இடுக்கில் நோய் நுழைந்துகொள்ளும். சொல்ல வேண்டியது சின்னது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது. "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியும், கண்ணு. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலேயே இருக்கோம். அடுத்த வாய் எடுத்துக்க." அப்பாவும் அதையே சொல்ல வேண்டும், அதே குரலில். ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

அடிப்பதும் வாயில் திணிப்பதும் சிகிச்சை இல்லை. அசையாமல் கூட இருப்பதுதான் சிகிச்சை. கோபம் வந்தால் நோயைக் கோபித்துக்கொள்ளலாம், பிள்ளையைக் கூடாது. நோய் வேறு, பிள்ளை வேறு என்பது இந்த முறையின் அடித்தளம். மேசைமேல் கத்துகிற குரல் மகளுடையது இல்லை, அவளைப் பிடித்துவைத்திருக்கும் நோயினுடையது என்று பெற்றோர் நம்பத் தொடங்கும்போது அவர்கள் கை நடுங்குவது நிற்கிறது.

தம்பிக்கும் ஒரு வேலை உண்டு. அக்காவைக் காவல் காப்பது அவன் வேலை இல்லை. சாப்பிட்டு முடித்த அடுத்த அரைமணி நேரம், குளியலறைக்குள் போய்க் கதவடைத்துக்கொள்ளத் தோன்றும் அந்த நேரத்தில், அவளோடு கேரம் ஆடுவது, வீடியோ பார்த்துச் சிரிக்க வைப்பது. அக்காவுக்கு அவன் தம்பியாகவே இருந்தால் போதும்.

சமையலறையில் நமக்கு வெளிநாட்டுச் சத்துமாவு எதுவும் தேவையில்லை. நெய், தேங்காய்ப்பால், முட்டை, கடலை, கொழுப்பெடுக்காத பால், நாசி லெமாக் எல்லாம் சின்ன அளவில் பெரிய சத்து தருபவை. ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு சொன்னது. அரிசியைக் குறை, எண்ணெயைக் குறை என்பது நம் வீடுகளில் அன்றாட மந்திரம். பாட்டிக்கு நல்லது செய்யும் தட்டு பேத்திக்கு ஆபத்து. ஒரே மேசை, இரண்டு தட்டு என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும், பிள்ளை எதிரே 'இதில் எவ்வளவு கொழுப்பு தெரியுமா' என்ற பேச்சே வரக் கூடாது.

எச்சரிக்கை ஒன்று. பல நாள் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாத பிள்ளைக்கும், மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைக்கும் வீட்டில் ஒரேயடியாகச் சாப்பாட்டைக் கூட்டக் கூடாது. பட்டினிக்குப் பின் திடீரென உணவு ஏறும்போது ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தையே நிறுத்திவிடலாம். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில்தான் தொடங்க வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மயங்கி விழுதல், பகலில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போதல், நெஞ்சுப் படபடப்பு, தண்ணீரையும் மறுத்தல், நாள்தோறும் வாந்தி, வாரத்துக்கு வாரம் விடாமல் எடை இறங்குதல், சாக வேண்டும் என்ற பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலையில் இருப்பவர்களுக்குத் தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை அருகில் இருக்கிறது, அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பக் கேட்கலாம். மனம் உடைந்து பேச ஆள் தேவைப்பட்டால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

எல்லா வீட்டுக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குடியும் அடியும் இருக்கும் வீட்டில், பிள்ளையைச் சீரழித்தவரே உள்ளே இருக்கும் வீட்டில் பெற்றோர் கையில் பொறுப்பைக் கொடுக்க முடியாது. நல்ல குடும்பங்களிலும் ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் ஓராண்டில் முழுதாகத் தேறுவதில்லை. அவர்களுக்கு மேலும் காலமும் வேறு உதவியும் தேவைப்படும். அது தோல்வி இல்லை.

பெரட்டுக்கும் பசியாறலுக்கும் நடுவில்

இனி தோட்டத்துக் கேள்விக்கு வருவோம். மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறது சிகிச்சை. விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு, அம்மா, அப்பா இருவரும் போய்விட்டால் பிள்ளையைப் பசியாற வைப்பது யார்? தேயிலை வெட்டுபவர் வெட்டிய கொழுந்தின் எடைக்கேற்பச் சம்பாதிக்கிறார். அரை நாள் இறங்கி வந்தால் அரை நாள் வருமானம் போகும். மலையில் பலர் தோட்ட வேலையை விட்டுக் காய்கறித் தோட்டத்துக்கும் ஹோட்டலுக்கும் தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைகளுக்கும் மாறிவிட்டார்கள். அங்கேயும் முறைவேலைதான். இடைநிலைப் பள்ளிக்கு விடுதியில் தங்கும் பிள்ளையின் தட்டையோ பார்க்க ஆளே இல்லை.

சட்டத்தில் இருப்பது என்ன? ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16 நாள் சம்பள விடுப்பு. அந்த 16 நாள் முதல் கட்டத்தின் மூன்று வாரத்துக்குக்கூடப் போதாது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் ஒரு வழி தருகிறது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் இதைத் தொழிலாளருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். 60 நாள் காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்காகத் தோட்ட நிர்வாகங்கள் தாமாகவே முன்வர வேண்டும். ஒரு தாயை மூன்று மாதம் மதியம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு அனுப்புவதால் எந்தத் தோட்டமும் மூழ்கிவிடாது.

அடுத்தது மருத்துவர் பற்றாக்குறை. 2018 கணக்குப்படி மலேசியாவில் மொத்தம் 410 மனநல மருத்துவர்கள். லட்சம் பேருக்கு ஒருவர் சொச்சம். அவர்களில் உண்ணுதல் கோளாறில் தேர்ந்தவர் சிலரே. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு 2003 முதல் இயங்குகிறது. கேமரன் மலைக்கு அப்படியொன்று இன்றைக்கு வந்துவிடாது. ஆனால் அதற்காகக் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மெல்போர்னில் 107 பிள்ளைகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு நமக்கு நேரடியாக உதவும். அதில் ஒரு பாதிக்கு வழக்கமான குடும்பச் சிகிச்சை. மறு பாதியில் சிகிச்சையாளர் பெற்றோரிடம் மட்டும் பேசினார், பிள்ளையின் எடையையும் உடல்நிலையையும் தாதி பார்த்துக்கொண்டார். சிகிச்சை முடிவில் இந்த இரண்டாவது முறையில் 43 விழுக்காட்டினரும் வழக்கமான முறையில் 22 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள்.

மலைக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடைக்காது. வாராவாரம் மகளை அழைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஈப்போவுக்கு இறங்கி ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ அரசாங்கக் கிளினிக்கின் தாதி எடையும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கட்டும். பெற்றோர் இரவு வீட்டிலிருந்தே கைப்பேசியில் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் சிகிச்சையாளரோடு தமிழில் பேசட்டும். பாட்டியும் அந்த உரையாடலில் உட்காரட்டும், காலைப் பசியாறலுக்குப் பக்கத்தில் இருக்கப் போவது அவர்தான். கோவிட் காலம் காணொளி மருத்துவத்தை எல்லாருக்கும் பழக்கிவிட்டது. இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. தாதியருக்குப் பயிற்சியும், தமிழ் பேசும் சிகிச்சையாளர்களும், சுகாதார அமைச்சின் ஒரு முடிவும் போதும்.

பள்ளிகளும் உடனே ஒன்று செய்யலாம். செகாக் உடற்தகுதிச் சோதனையில் மாணவர் உயரமும் எடையும் ஏற்கனவே அளக்கப்படுகின்றன. அந்த எண்ணைப் பருமனைக் கண்டுபிடிக்க மட்டும் பார்க்காமல், சென்ற முறையைவிட எடை இறங்கிய பிள்ளை யார் என்றும் பார்க்க வேண்டும். வளரும் வயதில் காரணமின்றி எடை இறங்கவே கூடாது. அதை வகுப்பில் உரக்கப் படிக்காமல் வீட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஊர் வாய்க்கும் ஒரு பங்கு

தேறிவரும் பிள்ளையை ஒரு நொடியில் பின்னுக்குத் தள்ள, திருமண மண்டபத்தில் ஒரு அத்தை போதும். 'அடடே, உடம்பு வெச்சிருச்சே!' என்று அவர் பாசத்தோடுதான் சொல்வார். ஆறு மாதம் அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றிய எடை அது. அடுத்த நாள் மேசையில் போர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். 'இளைச்சு அழகாயிட்டே' என்பதும் அதே தீங்கு. பிள்ளைகளின் உடம்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லாமல் இருக்க உறவினர்கள் பழகிக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெற்றோர் முன்கூட்டியே இதைச் சொல்லிவைப்பதில் தப்பே இல்லை.

மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரே நம் ஊரில் வசவாகிப்போனதால், மனநல மருத்துவர் என்றதும் பெற்றோர் பதறுகிறார்கள். நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள் என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு விலை அதிகம். மாட்ஸ்லி ஆய்வு சொன்னதை நினைவில் வையுங்கள். சின்ன வயதில், நோய் வந்து மூன்று ஆண்டுக்குள், குடும்பம் இறங்கினால்தான் இந்த முறையின் பலன் மிகத் தெளிவு. மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் வாய்ப்பிலிருந்து கழிகிறது.

அதனால் காரணம் தேடி நாளைக் கடத்த வேண்டாம், ஒருவரையொருவர் குற்றம் சொல்லவும் வேண்டாம். இந்த வாரமே பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி எடையும் நாடியும் பாருங்கள். அன்றிரவே அம்மாவும் அப்பாவும் தனியாக உட்கார்ந்து, நாளை யார் எந்த வேளைக்குப் பக்கத்தில் இருப்பது என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். உங்களால் முடியும் என்பதற்கு நாற்பதாண்டு ஆராய்ச்சி சாட்சி சொல்கிறது. அதை நீங்கள் செய்ய நேரம் தருவது தோட்டத்தின் கடமை, கற்றுத்தருவது அரசாங்கத்தின் கடமை. அந்த இரண்டையும் உரிமையோடு கேளுங்கள்.